தொண்டுக்கு மூன்றாண்டு! பிறப்புக்கு எத்தனை ஆண்டு?

"அமெரிக்காவிலே சாதி இல்லையாமே, சார்?"

விக்கிரமசிங்கபுரத்தில் நாம் பாடம் நடத்தும் வகுப்பிலே ஒரு மாணவி கேட்டாள். மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. மருத்துவம் பயில வேண்டும், கடல் கடக்க வேண்டும் என்ற கனவு அவள் கண்களிலே. "இல்லை" என்று சொல்லிவிட நா எழுந்தது, சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

கேளுங்கள், தோழர்களே! மேற்பயிற்சிக்காக நம் மருத்துவர் 'ஜே-1' விசாவிலே அமெரிக்கா செல்கிறார். பயிற்சி முடிந்தால் ஈராண்டு தாயகத்தில் தங்கியாக வேண்டும். அதன் பிறகே அங்குக் குடியேற வழி. சட்டம் அது. ஆனால் சட்டத்துக்கு விலக்கும் உண்டு! செனட்டர் கென்ட் கான்ராட் 1994இல் கொணர்ந்த திட்டம், மாநிலத்துக்கு ஆண்டுதோறும் 20 மருத்துவருக்கு விலக்களித்தது. பின்னர் 30 ஆயிற்று. ஈடு என்ன? மருத்துவரில்லாச் சிற்றூரிலே, ஏழையர் வாழும் பகுதியிலே, மூன்றாண்டுப் பணி. அந்நாட்டு மருத்துவர் எட்டிப் பார்க்கவும் தயங்கும் இடத்திலே நம்மவர் இரவும் பகலும் நிற்கிறார். அங்குள்ள மருத்துவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளிநாட்டிலே பயின்றவர்.

இதிலே நமக்கு வழக்கில்லை. கேட்டார்கள், கொடுத்தார். வழக்கு அடுத்த வாசலிலே!

பணி முடித்தவர் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கிறார். 'கிரீன் கார்டு' என்கிறார்களே, அது. "எங்கே பிறந்தாய்?" என்கிறது சட்டம். எந்த நாட்டில் பிறந்தவர்க்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லையாம். ஐஸ்லாந்துக்கும் ஏழு; 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும் ஏழு! திறமை அன்று, ஆற்றிய தொண்டு அன்று, குடியுரிமைகூட அன்று. நெல்லையிலே பிறந்தவர் பின்னாளில் பிரிட்டன் குடிமகனே ஆனாலும், நிற்க வேண்டியது இந்திய வரிசையிலேதான். ஐந்தாண்டு பின்தங்கிய பகுதியில் உழைப்பவர்க்கு வேறொரு சலுகை உண்டு. அது சில தாள்களைக் குறைக்கும், வரிசையைக் குறைக்காது. பத்தாண்டுக்கு மேலும் காத்திருக்கிறார்கள். அதற்குள் உடன் சென்ற குழந்தைக்கு 21 அகவை நிரம்பினால், பெற்றோரைச் சார்ந்து தங்கும் உரிமை அறுந்துபோகும். ஊரார் பிள்ளையைக் காத்தால் தன் பிள்ளை தானே வளருமாம்! காத்தவரோ தம் பிள்ளையின் பிறந்தநாளை அஞ்சி அஞ்சி எண்ணுகிறார்.

"உச்சவரம்பு இல்லையேல் ஒரே நாட்டார் நிறைந்துவிடுவர், சிறிய நாட்டார் எங்கே போவர்?" என்பர். வகுப்புவாரி உரிமைக்கு வாதாடும் நாமா எளியவர்க்கு இடம் ஒதுக்குவதை மறுப்போம்? ஒதுக்கீடு, மறுக்கப்பட்டவனை ஏற்றிவிடும் ஏணி. இதுவோ, வேலையை வாங்கிக்கொண்ட பின் வாசலிலே போட்ட வேலி.

வேலி பழையது. 1923இல் பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியர் அமெரிக்க உச்சநீதிமன்றத்திலே குடியுரிமைக்கு வழக்காடினார். தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது அவர் வாதம்! பிறப்பின் பெருமை பேசிக் கதவைத் தட்டினார். பிறப்பைக் காட்டியே கதவைச் சாத்தினர். 1946இல் இந்தியருக்கு ஆண்டுக்கு நூறு இடம் என்று இரங்கினர். 1965ஆம் ஆண்டுச் சட்டந்தான் பழைய இனக்கணக்கை ஒழித்தது. (அதே 1965இலேதான் நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தோன்றிற்று.) ஒழித்த கணக்கின் நிழல்தான் இந்த ஏழு.

மூன்றாண்டுப் பணி முடித்த மருத்துவரை அந்த ஏழிலிருந்து விலக்குக! மனுச் செய்த நாளோடு பிள்ளையின் அகவைக் கணக்கை நிறுத்துக! இவை கேட்கத்தக்க கேள்விகள். கேட்கும் நம்மவர் முகம் மட்டும் கறையற்றதா? 2023இல் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமியற்றியது. அந்தச் சரக்கை அங்கே இறக்கியது யார் பெட்டி?

இவ்வளவையும் அந்த மாணவிக்குச் சுருக்கிச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ இங்கேயே படிச்சு, இங்கேயே டாக்டரா இருந்தா, எந்தத் தெருன்னு யாரும் கேக்க மாட்டாங்களா, சார்?"