இழிபெயர், உடைமை, பொதுநிலம்: வாஷிங்டன் கால்பந்து அணியின் வரலாறு சொல்வது என்ன?

2025 ஜூலை 20 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் தம் சமூக ஊடகக் கணக்கில் ஒரு மிரட்டலை வெளியிட்டார். தலைநகர் வாஷிங்டனின் கால்பந்து அணி ஐந்தாண்டுகளுக்கு முன் கைவிட்ட 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயரை மீண்டும் சூட்டிக்கொள்ளாவிட்டால், அவ்வணி கட்டத் திட்டமிட்டுள்ள புதிய அரங்கத்துக்குத் தாம் தடை விதிக்கக்கூடும் என்பதே அதன் சாரம்.

'ரெட்ஸ்கின்ஸ்' என்றால் செந்தோலர் என்று பொருள். அமெரிக்கப் பூர்வகுடி மக்களை இழித்துரைக்கும் சொல் அது. 1863இல் மினசோட்டா மாநிலத்து நாளேடு ஒன்றில் வெளியான அறிவிப்பு, கொல்லப்படும் ஒவ்வொரு பூர்வகுடிக்கும் 200 டாலர் வெகுமதி என்று கூறியது. அந்த அறிவிப்பில் கொல்லப்பட வேண்டியவரைக் குறித்த சொல்லும் இதுவே. இச்சொல்லை ஒரு தனியார் நிறுவனம் 87 ஆண்டுகள் தன் பெயராகவும் வணிகக்குறியாகவும் வைத்திருந்தது. அது எவ்வாறு நிலைத்தது, எவ்வாறு வீழ்ந்தது, இன்று ஏன் மீண்டும் பேசப்படுகிறது என்ற கேள்விகளுக்கான விடை அணியின் உடைமை வரலாற்றில் இருக்கிறது.

உரிமையாளரின் கோட்டை

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதன் உச்ச அமைப்பான என்.எஃப்.எல். லீகில் இன்று 32 அணிகள் உள்ளன. கிரீன் பே பேக்கர்ஸ் என்ற ஓர் அணியைத் தவிர மற்ற அனைத்தும் பெருஞ்செல்வந்தர்களின் தனியுடைமை. கிரீன் பே அணி மட்டும் 1923 முதல் பொதுமக்களின் பங்குரிமையில் இயங்குகிறது. அதன் பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கு ஈவுத்தொகை கிடையாது. இன்னோர் அணி அத்தகைய உடைமை முறைக்கு மாறுவதை லீகின் விதிகள் இன்று அனுமதிப்பதில்லை.

வாஷிங்டன் அணியைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர், சலவைத் தொழிலில் செல்வம் சேர்த்த ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல். 1932இல் பாஸ்டன் நகரில் 'பிரேவ்ஸ்' என்ற பெயரில் தொடங்கப்பட்ட அணி, 1933இல் 'ரெட்ஸ்கின்ஸ்' ஆகி, 1937இல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அன்றைய பயிற்சியாளர் லோன் ஸ்டார் டீட்ஸ் தம்மைப் பூர்வகுடி என்று கூறிக்கொண்டவர். அவரைப் பெருமைப்படுத்தவே இப்பெயர் சூட்டப்பட்டது என்று அணி நிர்வாகம் பிற்காலத்தில் வாதிட்டது. ஆனால் மார்ஷலே 1933இல் செய்தியாளர்களிடம் அதை மறுத்திருந்தார். அதே நகரின் பேஸ்பால் அணியும் 'பிரேவ்ஸ்' என்றே அழைக்கப்பட்டதால் எழுந்த குழப்பத்தைத் தவிர்க்கவே பெயரை மாற்றியதாக அவர் கூறினார். இழிபெயரைச் சூட்டியவரே பிறகு அதை மரியாதை என்று விளக்கும் வழக்கம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று.

1934 முதல் 1945 வரை லீகில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்படாத அந்தத் தடையின் முதன்மை ஆதரவாளராக வரலாற்றாசிரியர் பலர் மார்ஷலையே சுட்டுகின்றனர். 1946இல் அத்தடை உடைந்த விதம் கவனிக்கத்தக்கது. லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணி அந்நகரின் கொலீசியம் அரங்கைக் கோரியது. அரங்கம் பொதுச் சொத்து. கறுப்பின மக்களின் வரிப்பணமும் அதில் அடங்கியிருக்க, அவர்களை ஒதுக்கும் அணிக்கு அதை எவ்வாறு தரலாம் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் அரங்க ஆணையத்தின் முன் வாதிட்டனர். அதன் பின்னரே ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் ஒப்பந்தம் செய்தது.

அடுத்த 16 ஆண்டுகளில் மற்ற அணிகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. மார்ஷல் திறக்கவில்லை. தென் மாநிலங்களின் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களை இணைத்து அவர் தம் சந்தையை வளர்த்திருந்தார். நிறவெறியில் ஊறிய அச்சந்தையின் விருப்பத்தை அவர் தம் கொள்கையாகவே கொண்டார். 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாஷிங்டன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அந்நகரின் பெயரைத் தாங்கிய அணியில் அவர்களுள் ஒருவருக்கும் இடமில்லை.

1961: நிலத்தின் உரிமையாளர் யார்?

மார்ஷல் தம் அணிக்காக 30 ஆண்டுக் குத்தகையில் பெற்ற புதிய அரங்கம் ஒன்றிய அரசின் நிலத்தில் எழுந்தது. அந்நிலத்தின் பொறுப்பு உள்துறைச் செயலாளரிடம் இருந்தது. இந்தியாவில் உள்துறை என்றால் காவல்துறை நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது பொதுநிலங்களையும் பூங்காக்களையும் காக்கும் துறை. கென்னடி ஆட்சியில் அப்பொறுப்பை வகித்த ஸ்டூவர்ட் உடால், 1961 மார்ச்சில் மார்ஷலுக்கு எச்சரிக்கை விடுத்தார். பணியமர்த்தலில் இனப் பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு அரசு நிலத்தில் இடமில்லை என்பதே அதன் பொருள்.

மார்ஷல் சீறினார். அமெரிக்க நாஜிக் கட்சியினர் அவருக்கு ஆதரவாகப் பதாகை ஏந்தினர். ஆயினும் அரங்கத்தை இழக்க அவர் தயாராக இல்லை. அந்தப் பருவத்தில் அணி 14 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. டிசம்பரில் நடந்த வீரர் தேர்வில் எர்னி டேவிஸ் என்ற கறுப்பின வீரரைத் தேர்ந்து, அவரைக் கிளீவ்லாந்து அணிக்கு அளித்து, பாபி மிட்செலைப் பெற்றார் மார்ஷல். 1962இல் மிட்செலும் வேறு சில கறுப்பின வீரர்களும் களமிறங்கினர். நிறத்தடையைக் கைவிட்ட கடைசி அணி வாஷிங்டன்.

மார்ஷலின் மனம் மாறியதா? 1969இல் அவர் இறந்தபோது, குழந்தைகள் நலனுக்கென ஓர் அறக்கட்டளைக்குச் சொத்தை ஒதுக்கியிருந்தார். இன ஒருங்கிணைப்பை எவ்வகையிலும் ஆதரிக்கும் நோக்கத்துக்கு அதிலிருந்து பணம் செல்லக்கூடாது என்பது அவரது உயிலின் நிபந்தனை. பாபி மிட்செல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் அதே அணியின் நிர்வாகத்தில் உதவிப் பொது மேலாளர் வரை உயர்ந்தார். தலைமை மேலாளர் பொறுப்பு அவருக்குத் தரப்படவேயில்லை.

நீதிமன்றத்தில் 26 ஆண்டுகள்

அணிக்குள் நிறத்தடை நீங்கிய பின்னும் பெயர் நீடித்தது. 1968 முதலே அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியப் பேரவை இத்தகைய சித்திரிப்புகளை எதிர்த்து வந்தது. 1992இல் சூசன் ஷோன் ஹார்ஜோவும் மேலும் ஆறு பூர்வகுடியினரும் வணிகக்குறி விசாரணை, மேல்முறையீட்டு வாரியத்தை அணுகினர். எந்த மக்களையும் இழிவுபடுத்தும் குறியைப் பதிவு செய்யக்கூடாது என்ற 1946ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவே அவர்களது ஆயுதம். பதிவு ரத்தானாலும் பெயரைப் பயன்படுத்தத் தடை வராது. ஆனால் பதிவு தரும் சட்டப் பாதுகாப்பு போய்விடும், அதன் வழியே இலாபம் குறையும். உரிமையாளரின் பணப்பையை நோக்கி வகுக்கப்பட்ட உத்தி அது.

1999இல் வாரியம் பதிவை ரத்து செய்தது. 2003இல் மாவட்ட நீதிமன்றம் அதை மாற்றியது. இழிவுக்குப் போதிய சான்றில்லை என்பது ஒரு காரணம். 1967இல் பதிவான குறியை 1992இல் எதிர்ப்பது காலதாமதம் என்பது மற்றொன்று. உரிமையைக் கோருவதில் தூங்கியவருக்கு நிவாரணமில்லை என்ற கோட்பாடு, அந்த உரிமையைக் கோரும் வலிமையே மறுக்கப்பட்டிருந்த மக்கள்மீது ஏவப்பட்டது. 2009இல் உச்சநீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

இதற்கிடையே 2006இல் நவஹோ இனத்தைச் சேர்ந்த அமண்டா பிளாக்ஹார்ஸும் பிற இளையோரும் புதிய மனு தாக்கல் செய்தனர். காலதாமதம் என்ற வாதத்தை எதிர்கொள்ளவே இளம் தலைமுறை முன்னிறுத்தப்பட்டது. 2014இல் வாரியத்திலும் 2015இல் மாவட்ட நீதிமன்றத்திலும் அவர்கள் வென்றனர்.

2017இல் அடித்தளமே சரிந்தது. சைமன் டாம் என்ற ஆசிய அமெரிக்க இசைக்கலைஞர், தம் இனத்தை இழித்துரைக்கும் சொல்லைத் தம் குழுவின் பெயராக மீட்டெடுத்துப் பதிவு செய்யக் கோரியிருந்தார். அவ்வழக்கில் உச்சநீதிமன்றம், இழிவுபடுத்தும் குறிகளைத் தடுக்கும் பிரிவே பேச்சுரிமைக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒடுக்கப்பட்டவர் தம்மேல் சுமத்தப்பட்ட சொல்லைத் தாமே கையிலெடுப்பதும், செல்வந்தர் பிறர்மேல் சுமத்திய சொல்லை விற்பதும் அத்தீர்ப்பின் முன் ஒன்றாகிப் போயின. 2018இல் பிளாக்ஹார்ஸ் வழக்கின் வெற்றியும் செல்லாதாயிற்று.

அணி அப்போது டேனியல் ஸ்னைடரின் உடைமை. 1999இல் 80 கோடி டாலருக்கு அணியையும் அரங்கத்தையும் வாங்கிய அவர், பெயரை ஒருபோதும் மாற்றமாட்டோம் என்று 2013இல் அறிவித்திருந்தார். 2016இல் ஒரு நாளேட்டின் கருத்துக்கணிப்பு, பூர்வகுடிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்பெயர் மனவருத்தம் தரவில்லை என்றது. 504 பேரிடம் எடுத்த கணிப்பு அது. தம்மைப் பூர்வகுடி எனக் கூறிக்கொண்ட எவரும் அதில் அவ்வாறே கொள்ளப்பட்டனர். 2020இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேர் புண்பட்டதாகக் கூறினர். பூர்வகுடிப் பண்பாட்டில் ஆழ்ந்து வாழ்வோரிடையே அவ்விகிதம் மேலும் கூடியது.

2020: பணத்தின் மொழி

2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதும் எழுந்த கிளர்ச்சியின் வெப்பம் பெருநிறுவனங்களைச் சுட்டது. மொத்தம் 62,000 கோடி டாலர் சொத்தைக் கையாளும் முதலீட்டாளர்கள், அணியுடனான உறவை முறிக்குமாறு நைக்கி, பெப்சிகோ, ஃபெடெக்ஸ் நிறுவனங்களுக்கு எழுதினர். அரங்கத்துக்குத் தன் பெயரைச் சூட்ட 20.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்த ஃபெடெக்ஸ், ஜூலை 2 அன்று பெயர்மாற்றத்தை வெளிப்படையாகக் கோரியது. நைக்கி தன் இணையதளத்திலிருந்து அணியின் ஆடைகளை நீக்கியது. ஜூலை 13 அன்று ஸ்னைடர் பணிந்தார். கால் நூற்றாண்டு வழக்காடல் சாதிக்காததை 11 நாள்கள் சாதித்தன. ஆயினும் அந்த முதலீட்டாளர்கள் எழுதிய வாதங்களைப் பல்லாண்டு ஆவணமாக்கி வைத்தவர்கள் ஹார்ஜோவும் பிளாக்ஹார்ஸுமே. சட்டம் பயிலும் மாணவர்கள் இதை மறக்கலாகாது.

உரிமையாளர் இழந்தது என்ன? பெண் ஊழியர்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை அடுத்து லீக் 2021இல் அணிக்கு 1 கோடி டாலரும், 2023இல் ஸ்னைடருக்கு 6 கோடி டாலரும் தண்டம் விதித்தது. அதே 2023இல் ஜோஷ் ஹாரிஸ் தலைமையிலான குழுவுக்கு அவர் அணியை விற்ற விலை 605 கோடி டாலர். கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் அக்குழுவில் சிறுபங்கு கொண்டவர். வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவராக உள்ள இந்த லீகில், கறுப்பினத்தவர் ஒருவர் ஓர் அணியின் முதன்மை உரிமையாளராக இருந்ததே இல்லை.

மீண்டும் அதே நிலம்

2022 முதல் அணியின் பெயர் 'கமாண்டர்ஸ்'. 1961இல் உடால் எச்சரித்த அதே அரங்கம் இருந்த இடத்தில் புதிய அரங்கம் கட்ட 2025 ஏப்ரலில் 370 கோடி டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் நகரின் பொதுப்பணம் ஏறத்தாழ 100 கோடி டாலர். நிலம் இன்றும் ஒன்றிய அரசுக்கே உரியது. 99 ஆண்டு நிர்வாக உரிமை மட்டும் 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால் நகருக்கு மாற்றப்பட்டது. அப்பிடியைப் பயன்படுத்தியே டிரம்ப் மிரட்டினார். செப்டம்பரில் நகர மன்றம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

1961இல் ஒதுக்கலை முறிக்கப் பயன்பட்ட பொதுநிலம், 2025இல் இழிபெயரைத் திணிக்கும் கருவியாகக் காட்டப்பட்டது. இவ்வணியின் வரலாற்றில் எந்த உரிமையாளரும் தாமாக மனம் மாறியதில்லை. தனியுடைமை பொதுநிலத்தையும் வரிப்பணத்தையும் விளம்பரப் பணத்தையும் சார்ந்து நிற்கும் இடத்தில்தான் அது வளைந்தது. ஆனால் அந்த இடத்தில் கை வைப்பவர் யார் என்பதைத் தேர்தல்கள் மாற்றிவிடுகின்றன. ஓர் ஆட்சியாளரின் நல்லெண்ணத்தால் கிடைத்ததை இன்னோர் ஆட்சியாளர் பறிக்க முயல்வார். எனவே பொதுநிலமும் பொதுப்பணமும் தனியாருக்குச் செல்லும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், பாகுபாடும் இழிவும் கூடாது என்ற நிபந்தனை கையெழுத்துக்கு முன்பே எழுதப்பட வேண்டும். அதை எழுதவைக்கும் வலிமை, 1946இல் அரங்க ஆணையத்தின் முன் நின்று வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்களிடம் இருந்தது போல, பாதிக்கப்பட்ட மக்களின் அமைப்புகளிடம் இருக்க வேண்டும்.