சாவியின்மேல் ஜெபிக்க ஏன் மறுத்தேன்?



சென்ற வாரம் ஒரு தகப்பனார் கார் சாவி ஒன்றை என் கையில் வைத்து, "ஐயா, மகனுக்கு வாங்கியிருக்கிறோம், ஜெபம் பண்ணிக் கொடுங்கள்" என்றார். பழைய வண்டி; முன்பணம் போக மீதி ஃபைனான்ஸ். மகனுக்கு வயது 17. நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு அது மிகுந்த வருத்தம். இதற்குமுன் இப்படிப்பட்ட சாவிகள் சிலவற்றின்மேல் நான் கைவைத்து ஜெபித்ததுண்டு. அப்பொழுது வயதையும் கேட்கவில்லை, கடனையும் கேட்கவில்லை. அது என் தவறு. ஆகையால் இன்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

18 வயது நிறையாதவன் கையெழுத்திடும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. 1903-இலேயே பிரிவி கவுன்சில் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆகவே "மகன் வாங்கிய கடன்" என்று ஒன்று இல்லை. கடன் உங்களுடையது, கையெழுத்து உங்களுடையது. அவன் வண்டியை ஓட்டினால் குற்றமும் உங்களுடையதே. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. பிள்ளையின்மேல் வைத்த அன்பு என்கிறீர்களே, இதுவா அன்பு?

இனிக் கணக்குக்கு வருவோம். 1,20,000 ரூபாய் கடன், வருடத்துக்கு 15 சதவீதம், 24 மாதத் தவணை. வட்டி 36,000, மொத்தம் 1,56,000, மாதம் 6,500. "நூற்றுக்கு ஒன்றேகால் வட்டிதானே ஐயா" என்கிறீர்கள். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ கடைசி மாதம் வரை முழு 1,20,000-க்கும் போடப்படுகிறது. குறைகிற அசலுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 26 சதவீதத்தைத் தாண்டும். இரண்டு வட்டிக்கு மேல்! ஊரில் ஒருவர் இரண்டு வட்டி கேட்டால் அநியாயம் என்கிறோம். குளிரூட்டிய அறையில் அதையே கேட்டால் நன்றி சொல்லிக் கையெழுத்திடுகிறோம். 2024 அக்டோபர் 1 முதல், வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் கொடுக்கிறவர் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதைக் கேட்டு வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்?

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடித்த நம் பெரியவர்கள் பல்லைப் பார்த்தார்கள், சுழியைப் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் பழைய வண்டிக்குப் பெயின்ட்டை மட்டும் பார்க்கிறோம். ஆர்.சி.யில் முந்தைய கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, ஆட்சேபனை இல்லாச் சான்று உண்டா, நிலுவை அபராதம் உண்டா, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று கேட்க நமக்கு வெட்கம்.

"கல்லூரிக்குத் தூரம், பஸ்ஸில் கூட்டம்" என்பீர்கள். மெய்தான், வையம்பட்டியில் இருந்துகொண்டு அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த 6,500 ரூபாயை 18 மாதம் வங்கித் தொடர் வைப்பில் போடுங்கள். அசல் மட்டும் 1,17,000. வட்டியும் சேர்ந்தால் அந்தக் கடன் தொகையை எட்டிவிடும். ஆறு தவணை, அதாவது 39,000 ரூபாய், உங்கள் வீட்டிலேயே தங்கும். அதற்குள் மகனுக்கு வயதும் நிறையும், உரிமமும் கைக்கு வரும். காத்திருக்க முடியாதது தேவையா, அடுத்த வீட்டு வாசலில் நிற்கும் வண்டியா? உங்கள் மனச்சாட்சியையே கேளுங்கள்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்து விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். கடன்கொடுத்தவன் அவளுடைய பொருளைத் தேடி வரவில்லை. இரண்டு பிள்ளைகளைத் தேடி வந்தான். எண்ணெய் பெருகினபின் எலிசா சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் கடன் தீரவேண்டும், மீந்ததில்தான் பிழைப்பு. நாமோ மீதி இல்லாத இடத்தில் முதலில் அனுபவித்து, பிறகு கடனுக்குப் பிள்ளைகளின் படிப்புப் பணத்தை எடுக்கிறோம். அவள் கடனிலிருந்து பிள்ளைகளை மீட்டாள்; நாம் பிள்ளைகளுக்காகவே கடனுக்குள் நடந்து போகிறோம்.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை: ஐயா, என் கதவு அடைபடவில்லை. மகனுக்கு 18 நிறைந்து, உரிமம் வாங்கி, உங்கள் சேமிப்பால் வந்த சாவியைக் கொண்டு வாருங்கள். வாசலுக்கு வந்து, வண்டியின்மேல் கைவைத்து, முழு மனதோடு ஜெபிப்பேன். சபையாரே, அதுவரை எந்தச் சாவியைக் கொண்டுவந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன்: வயது என்ன? கடன் எவ்வளவு?

கர்த்தர் உங்கள் குடும்பங்களைக் காப்பாராக.

அன்புடன்,
உங்கள் போதகர்