பிஸ்கட் போடுவது மட்டும் தொண்டாகிவிடுமா?

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அந்தப் பாதையில், மலையின் மேற்குப் பக்கமாக, அடி அண்ணாமலை என்னும் ஊர் இருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அங்கே போய்ப் பாருங்கள். இலட்சக்கணக்கான மக்கள் இரவெல்லாம் நடந்து போன பாதை அது. ஓரங்களில் தொன்னைகள், இலைகள், எச்சில் சோறு. அவற்றைச் சுற்றி நாய்கள். நடந்தவர்களில் இரக்கமுள்ளவர்கள் ஒரு பிஸ்கட் பொட்டலமும் பிரித்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

பிராணிகளிடம் அன்பு காட்டுவது அந்த ஊருக்குப் புதிதல்ல. 1948-இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்கு ரமணாசிரமத்தில் சமாதி உண்டு. அதன் அருகிலேயே ஒரு மானுக்கும் ஒரு காகத்துக்கும் ஒரு நாய்க்கும்கூட உண்டு. பிற்காலத்தில் திருவண்ணாமலையில் விலங்குகளுக்கென்று ஒரு காப்பகமும் ஏற்பட்டது. இப்படிப்பட்ட ஊரில் வளரும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ, “நாமும் ஏதாவது செய்ய வேண்டும்” என்று தோன்றுவது இயல்புதானே?

தோன்றட்டும். ஆனால் தொண்டு என்றதும் நாய்க்குட்டியைத் தூக்கிக் கொஞ்சும் காட்சிதான் நம் மனத்தில் வருகிறது. காப்பகத்தில் நடக்கும் வேலையோ கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, எந்த நாய்க்கு என்றைக்கு என்ன மருந்து என்று எழுதி வைப்பது. இவற்றுள் கடைசி வேலைதான் உங்களுக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. உங்களிடம் நோட்டும் பென்சிலும் இருக்கின்றன; தினமும் ஒரே தெரு வழியாகப் பள்ளிக்குப் போய் வருகிறீர்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

எழுதி வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். ரேபீஸ் என்னும் வெறிநோயை எடுத்துக்கொள்வோம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள், அதாவது உங்கள் வயதினரும் உங்கள் தம்பி தங்கையரும். மனிதருக்கு இந்நோயைக் கொண்டுவருவது ஏறக்குறைய எப்போதும் நாய்தான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. வெறிநோய் கண்ட ஒரு நாய், சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. எனவே, தெருவில் உள்ள நாய்களில் ஏறத்தாழப் பாதிக்கு நோய் எதிர்ப்பு இருந்தால் அந்த எண் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு நோயாளி நாய் இன்னொன்றைக்கூட உண்டாக்க முடியாதபோது நோய் தானாகவே அணைந்துவிடும். அப்படியானால் பாதி நாய்களுக்கு ஊசி போட்டால் போதாதா? உலக சுகாதார நிறுவனம் ஏன் 70 சதவிகிதம் என்கிறது?

தெருநாயின் ஆயுள் குறைவு என்பதுதான் காரணம். 100 நாய்களில் 70-க்கு இன்று ஊசி போடுகிறோம் என்று கொள்ளுங்கள். ஓராண்டில் 30 நாய்கள் இறந்து, 30 குட்டிகள் புதிதாகச் சேர்கின்றன. (இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்தான்.) ஊசி போட்ட 70-லும் 21 போய்விடும்; மீதி 49. குட்டிகளுக்கோ ஊசியே இல்லை. 70-இல் தொடங்கினாலும் ஆண்டு முடிவில் பாதிக்கு வந்துவிட்டோம், பார்த்தீர்களா? பாதியில் தொடங்கியிருந்தால் 35-தான் மிஞ்சும்.

கருத்தடை அறுவையின் அருமையும் இங்கேதான் விளங்குகிறது. குட்டிகள் குறைந்தால், போட்ட ஊசியின் பயன் நீண்ட நாள் நிற்கும். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே இந்த வழியைத் தொடங்கிவிட்டது. கருத்தடை செய்த நாயின் காது நுனியில் சிறு முக்கோணமாக ஒரு வெட்டு இருக்கும். எட்ட நின்றே பார்க்கலாம். ஆனால் அந்த வெட்டு, ஊசி என்றைக்குப் போட்டது என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது உங்கள் நோட்டு ஒன்றுதான். “கோயில் பக்கம், செவலை நாய், இடக்காதில் வெட்டு, இந்த மாதம் ஊசி. தேரடியில் நான்கு குட்டிகள், ஊசி இல்லை.” இப்படி ஒரு தெருவுக்கு ஒரு மாணவர் எழுதினால், ஊசி போட வருகிற கால்நடை மருத்துவர் எங்கே போவது என்று தேடி அலைய வேண்டியதில்லை. கணக்கெடுக்கும்போது நாயைத் தொடாதீர்கள். தின்கிற நாயின் அருகிலும், குட்டி போட்ட நாயின் அருகிலும் போகவே வேண்டாம்.

காப்பகத்துக்குள் சென்று உதவ விரும்பினால், கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி இருக்கிறது. அது போடாத மாணவரை எந்தக் காப்பகமும் நாயைத் தொட விடக்கூடாது. அவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. பிராணிகளிடம் பிரியமுள்ள பிள்ளைதான் கீறலை மறைக்கும். வீட்டில் சொன்னால் அடி விழும், இனி வெளியே விடமாட்டார்கள், அந்த நாயையும் அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, பாவாடையையோ கால்சட்டையையோ இழுத்து மறைத்துக்கொண்டு வந்துவிடும். வைரஸ் காயத்திலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. அந்த அவகாசத்தில் ஊசி காப்பாற்றும். நோய்க்குறி தோன்றிவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை.

ஆகையால் பல்லோ நகமோ பட்டால், உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து ஒன்றும் உண்டு. முன்பே தடுப்பூசி போட்டவர்களுக்கும் மறுபடி இரண்டு ஊசி தேவை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டி பயமுறுத்துவாரே, அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பது இந்தியாவில் 2004-லேயே நின்றுவிட்டது. இப்போது புஜத்தில் போடுகிறார்கள். முதல் ஊசி நாளை 0 என்று கொண்டால், தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போக வேண்டும். ஒன்றையும் தவறவிடக்கூடாது.

இந்தப் பக்கத்தை அப்பா அம்மாவிடமும் காட்டுங்கள். பிள்ளை கீறலோடு வந்து நிற்கும்போது முதலில் சோப்பை எடுங்கள்; திட்டுவதை இருபத்தெட்டாம் நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.