பத்து சதவீதம் பிடித்தால் கன்சல்டன்டா?

"பத்து பர்சன்ட் டிடிஎஸ் பிடிக்கிறார்கள், பி.எஃப். கிடையாது. அதனால் நான் ஊழியர் இல்லை, கன்சல்டன்ட்." காலை ஒன்பதரைக்குக் கைரேகை வைத்து, மேலாளரிடம் லீவு கேட்டு, கம்பெனி லேப்டாப்பில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் இதை என்னிடம் உறுதியாகச் சொன்னார். இதே நம்பிக்கை ஆயிரக்கணக்கானோரிடம் ஊறிக் கிடக்கிறது. இது அடியோடு தவறு.

1961 வருமான வரிச் சட்டப்படி சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்க 192ஆம் பிரிவு, தொழில்முறைக் கட்டணத்தில் பிடிக்க 194ஜெ என்று இருந்தது. எதில் பிடிப்பது என்று பணம் கொடுப்பவர் முடிவு செய்துவிடலாம். அதனால் மட்டும் ஊழியர் ஒப்பந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

1972இல் ராம் பிரசாத் வழக்கில் பணத்தின் பெயரை அல்ல, கட்டுப்பாட்டையே உச்ச நீதிமன்றம் பார்த்தது. அவர் மேனேஜிங் டைரக்டர். லாபத்தில் கமிஷன் பெற்றவர். ஆனாலும் இயக்குநர் குழுவின் கட்டுப்பாட்டில் வேலை செய்ததால், அந்தக் கமிஷனும் சம்பளமே என்றது தீர்ப்பு.

தொழிலாளர் சட்டத்திலும் அப்படியே. 1973இல் சில்வர் ஜூபிலி தையல் கடை வழக்கு. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, வேலை நேரம் கண்டிப்பில்லை. ஆனால் மிஷின் கடைக்காரருடையது. தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருடையது. அந்தத் தையல்காரர்கள் கடையின் ஊழியர்களே என்றது நீதிமன்றம்.

உண்மையான சுயதொழிலர்களும் இருக்கிறார்கள்; மறுக்கவில்லை. பல வாடிக்கையாளர்கள், சொந்தக் கருவிகள், லாப நட்டம் தன் தலையில் என்று இருப்பவருக்குத் தொழில்முறைக் கட்டணப் பிடித்தம் பொருந்தும். மற்றவர்களுக்கு அது வெறும் முகமூடி.

தொழில்முறை வரவில் பாதிக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று மகிழ்பவர்கள் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வருமான வரித்துறை அந்த வரவைச் சம்பளம் என்று முடிவு செய்தால் அந்தச் சலுகை போய்விடும். குறைவாகக் கட்டிய வரியின் மீதியையும் அதற்கான வட்டியையும் கட்ட நேரும். இன்னொரு பக்கம், முதலாளி செலுத்த வேண்டிய பி.எஃப். பங்கும் பணிக்கொடையும் மாதாமாதம் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே ஒப்பந்தத்தின் தலைப்பைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். எப்போது வருவது, எப்படிச் செய்வது, யார் கருவியில் செய்வது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் கம்பெனியே தீர்மானித்தால், நீங்கள் அதன் ஊழியர்.