பழுப்புக் கொழுப்பும் பழைய புரட்டும்

பனியில் உட்கார்ந்து உடம்பைச் சுடவைத்துக் காட்டும் யோகிகளைப் பற்றி நமது ஜனங்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தவக்கனல் என்றும், மூலாக்கினி என்றும், சித்தர் மகிமை என்றும் சொல்லப்பட்டு வந்த அந்தச் சங்கதி இப்பொழுது வேஷத்தை மாற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்திருக்கின்றது. இந்த மாத்திரையை விழுங்கினால் உடம்பில் தூங்குகின்ற “பழுப்புக் கொழுப்பு” விழித்துக்கொண்டு ஊளைச்சதையை எரித்துவிடும் என்றும், ஐஸ் தொட்டியில் மூழ்கி எழுந்தால் நீரிழிவு ஓடிவிடும் என்றும் விளம்பரங்கள் பறக்கின்றன. ஆதாரம் எங்கே என்று கேட்டால், கழுத்தும் தோளும் கறுப்பாகத் தெரிகின்ற ஒரு ஸ்கேன் படத்தை நீட்டுகின்றார்கள். படம் மெய்யானதுதான். அதை வைத்துக் கட்டுகின்ற கதைதான் புரட்டு. இதை நம்பி ஒரு நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்திவிட்டாலும், ஓர் இருதய வியாதிக்காரர் ஐஸ் தண்ணீரில் குதித்துவிட்டாலும் போவது உயிர் ஆனதால், இவ்விஷயத்தைச் சிறிது விளக்கமாகவே எழுத வேண்டியிருக்கின்றது.

பழுப்புக் கொழுப்பு ஒன்றும் கற்பனையல்ல. 1551-ம் வருஷத்திலேயே கெஸ்னர் என்னும் சுவிஸ் தேச அறிஞர், மலை மர்மாட் என்கின்ற பிராணியின் தோளுக்கிடையில் கொழுப்புமல்லாத மாமிசமுமல்லாத ஒரு வஸ்து இருப்பதாக எழுதி வைத்தார். வெள்ளைக் கொழுப்பு சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்பு அடுப்பு. அதன் அணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்பவை நெருக்கமாக அடைந்து கிடப்பதாலும், அவற்றில் இரும்புச் சத்து இருப்பதாலும்தான் அந்தப் பழுப்பு நிறம். வாய்க்கால் தண்ணீரை ஆலைச் சக்கரத்தின்மேல் விடாமல் பக்கத்து மதகைத் திறந்துவிட்டால் எப்படியோ, அப்படியே எரிகின்ற ஆகாரத்தின் சக்தியை வேறு வேலைக்கு விடாமல் வெறும் உஷ்ணமாகவே வெளியேற்றுகின்ற ஒரு புரதம் அதில் இருக்கின்றது. குளிர் பட்டவுடன் நரம்புகள் அந்த மதகைத் திறக்கின்றன. குளிரில் நடுங்கத் தெரியாத பச்சைக் குழந்தைக்கு இதுதான் கணப்புச் சட்டி. குழந்தை வளர வளர இது மறைந்துவிடும் என்றும், பெரியவர்களிடத்தில் இது இருந்தாலும் பிரயோஜனமில்லை என்றும் வெகுகாலம் புஸ்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள்.

அதைப் பொய்யாக்கியது எந்த ரிஷியின் ஞானதிருஷ்டியும் அல்ல. புற்றுநோய்க்காரரைப் பரிசோதிக்கின்ற ‘பெட் ஸ்கேன்’ இயந்திரந்தான். 110 நிமிஷத்தில் பாதி தேய்ந்துபோகின்ற ப்ளூரின்-18 என்னும் கதிரியக்க வஸ்துவைச் சர்க்கரையோடு சேர்த்து நரம்பில் ஏற்றுவார்கள். எந்த இடம் சர்க்கரையை அதிகமாகக் குடிக்கின்றதோ அந்த இடம் படத்தில் தெரியும். புற்றுக்கட்டி அவ்விதம் குடிப்பதால் அது அகப்பட்டுக்கொள்ளும். ஆனால் கட்டியே இல்லாதவர்களிலும் சிலருக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் தோள்வரைக்கும் ஒரே மாதிரியாகக் கறுத்துத் தெரிந்தது. நோயாளி பயந்து தசையை இறுக்கிக்கொண்டான் போலும் என்று நினைத்த டாக்டர்கள், டயஸிபாம் மாத்திரையைக் கொடுத்துச் சமாதானப்படுத்திப் பார்த்தார்கள்.

பிறகு 2001-ம் வருஷ வாக்கில் பெட் ஸ்கேனையும் சி.டி. ஸ்கேனையும் ஒரே இயந்திரத்தில் இணைத்ததும் குட்டு வெளிப்பட்டது. கறுத்த இடத்தில் இருந்தது தசையல்ல, கொழுப்பு! 2002-ல் ஜூரிச்சிலும், 2003-ல் பால்டிமோரிலும் இதை எழுதினார்கள். குளிர்காலத்தில் இது அதிகமாகத் தெரிகின்றது என்பதும் பால்டிமோர்க்காரர்கள் கண்ணில் பட்டது. இவை டாக்டர்களுக்குத் தொந்தரவான கறைகளாக இருந்தனவே தவிர, அதன் பொருள் விளங்கவில்லை. பிராணிகளின் பழுப்புக் கொழுப்பையே ஆராய்ந்து வந்த ஸ்டாக்ஹோம் அறிஞர்கள் 2007-ல் இந்தக் கறைகளையெல்லாம் ஒன்று திரட்டி, இது பெரியவர்களிடத்தில் வேலை செய்கின்ற பழுப்புக் கொழுப்பே என்று எடுத்துக் காட்டினார்கள். 2009-ல் பாஸ்டன், மாஸ்ட்ரிக்ட், துர்க்கு ஆகிய மூன்று ஊர்க்காரர்கள் ஒரே பத்திரிகையில் ஒரே சமயத்தில் ருசுப்படுத்தினார்கள். பின்லாந்திலுள்ள துர்க்குக்காரர்கள் ஐந்து பேரைக் குளிரில் வைத்து, அந்த இடம் 15 மடங்கு அதிகமாகச் சர்க்கரையைக் குடித்ததைக் கண்டதோடு, மூன்று பேரிடமிருந்து துணுக்கு எடுத்து அதைச் சோதித்தும் பார்த்தார்கள். புஸ்தகம் திருத்தப்பட்டது. பழைய புஸ்தகத்தை எழுதியவர்களை யாரும் நரகத்துக்கு அனுப்பவில்லை. புதிதாகச் சொன்னவர்களையும் யாரும் ஜாதிப்பிரஷ்டம் செய்யவில்லை.

நிற்க, இந்தப் படம் எதைக் காட்டுகின்றது, எதைக் காட்டவில்லை என்பதுதான் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது. பாஸ்டனில் 1972 பேருடைய 3640 ஸ்கேன்களைப் பார்த்ததில் பெண்களில் நூற்றுக்கு 7.5 பேரிடமும், ஆண்களில் நூற்றுக்கு 3.1 பேரிடமுமே பழுப்புக் கொழுப்பு தெரிந்தது. மாஸ்ட்ரிக்ட்டில் 24 வாலிபர்களை 16 டிகிரிக் குளிரில் வைத்துப் பார்த்ததில் 23 பேரிடம் தெரிந்தது. அதே ஆட்களை 22 டிகிரியில் வைத்தபோது தெரியவில்லை! அடுப்பு மூட்டாத வேளையில் எட்டிப்பார்த்துவிட்டு வீட்டில் அடுப்பே இல்லை என்று சொல்லலாமா? ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் உடம்பில் இல்லை என்றாகிவிடாது. அது மாத்திரமல்ல. படம் காட்டுவது சர்க்கரை போன வழியைத்தானேயொழிய, எரிந்த உஷ்ணத்தையல்ல. பழுப்புக் கொழுப்பு தன்னிடமுள்ள கொழுப்புத் துளியையும் எரிக்கின்றது. அது இந்தச் சர்க்கரைப் படத்தில் விழாது. அதனால்தான் கனடாவிலுள்ள ஷெர்புரூக்கில் 2012-ல் கதிரியக்க அஸிடேட்டைக் கொண்டு, எரிவதையே நேரில் அளக்க முயன்றார்கள். ஆரோக்கியமானவர்களைக் கதிரியக்கத்துக்கு அடிக்கடி உட்படுத்தக்கூடாது என்பதால், வேறு சிலர் எம்.ஆர்.ஐ. முறையையும் தேடிப்போனார்கள்.

எரிவது எவ்வளவு? பிராணவாயுச் செலவை அளந்து பார்த்த சில பரிசோதனைகளில், ஒரு நாளைக்கு ஓர் இட்டிலியின் கலோரிக்குக் கூட அது எட்டவில்லை. இந்த ஓர் இட்டிலியை வைத்துக்கொண்டுதான் மாத்திரைக்காரர் மாளிகை கட்டுகின்றார்!

மருந்தினால் அதை எழுப்பவே முடியாதா என்றால், முடியும். மூத்திரப்பை நோய்க்குக் கொடுக்கின்ற மிராபெக்ரான் என்னும் மருந்தை, வழக்கமான 50 மில்லிகிராமுக்குப் பதிலாக 200 மில்லிகிராம் கொடுத்து 12 வாலிபர்களிடம் பழுப்புக் கொழுப்பு விழித்ததை 2015-ல் வெளியிட்டார்கள். கூடவே இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புஸ்தகத்தை மூடிவிடுகின்றார்கள். நியூயார்க்கில் 52,487 புற்றுநோய்க்காரர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டதில், பழுப்புக் கொழுப்பு தெரிந்தவர்களில் நீரிழிவு நூற்றுக்கு 4.6 பேருக்கும், தெரியாதவர்களில் 9.5 பேருக்கும் இருந்தது. இது கவனிக்கத் தகுந்த ஆராய்ச்சிதான். ஆனால் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்பதை அதை எழுதியவர்களே இன்னும் ஆராய வேண்டியதாக இருக்கும்போது, காகத்தை டப்பாவில் அடைத்து விற்பதற்கு இவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

இனி ஐஸ் தொட்டிக்காரர்களைப் பார்ப்போம். டச்சுக்காரரான விம் ஹாஃப், பனிக்கட்டிக்குள் நெடுநேரம் உட்கார்ந்து பேர் வாங்கியவர். அவருக்கு ஓர் இரட்டைப் பிறவிச் சகோதரர் உண்டு. ஒரே கருவில் பிறந்தவர். பனிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்குள் சாதாரண ஜீவனம் செய்பவர். இருவரையும் மாஸ்ட்ரிக்ட்டில் குளிரில் வைத்து ஸ்கேன் செய்து 2014-ல் வெளியிட்டார்கள். இருவருக்கும் பழுப்புக் கொழுப்பின் வேலை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது! மற்றவர்களைவிட அது அதிகமாகவும் இல்லை. உஷ்ணம் மட்டும் இருவரிடமும் மிகுதியாக உண்டாயிற்று. எப்படி? இருவரும் திபேத்திய யோகத்தைப் போன்ற பலத்த மூச்சுப் பயிற்சி செய்கின்றவர்கள். மூச்சுவிடும் தசைகள் கடுமையாய் உழைத்ததைப் படமே காட்டிக்கொடுத்தது. மூலாக்கினி என்பது, மூட்டை தூக்குகின்ற தொழிலாளியின் உடம்பில் உண்டாகின்ற அதே உஷ்ணம்தான் போலும். அந்தத் தொழிலாளிக்கு யாரும் காலில் விழுவதில்லை.

கடைசியாக மற்றொரு சங்கதி. லெய்டனில் தெற்காசிய வம்சத்தார் 12 பேரையும், வெள்ளையர் 12 பேரையும் ஸ்கேன் செய்து, முன்னவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு 34 சதவிகிதம் குறைவு என்று 2014-ல் எழுதினார்கள். எழுதியவர்கள் எண்ணிக்கையை ஒளிக்கவில்லை. ஆனால் பிறப்பிலேயே எல்லாம் நிர்ணயம் என்று பேசிப் பழகிய நாக்குகளுக்கு இதுவே போதும். 12 பேரைக் கொண்டு பல கோடி ஜனங்களுக்கு ஜாதகம் கணிக்க முன்வருவார்கள். அப்படி வருகின்றவர்களிடமும், மாத்திரை டப்பாவை நீட்டுகின்றவர்களிடமும் நம் தோழர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: படம் எத்தனை பேரை எடுத்தது? அறையின் உஷ்ணம் எத்தனை டிகிரி? சர்க்கரை போனதைத் தவிர வேறென்ன அளந்தீர்கள்? இவற்றுக்குப் பதிலை டப்பாவின் மேலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள்.