பிரசவத்தப்ப பிபி இருந்துச்சா? யாரும் கேக்காத ஒரு கேள்வி

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லீங்க. பீளமேட்டுல ஒரு பம்ப் கம்பெனியில கணக்கு எழுதற ஆளு. வழக்கமா சினிமா, சாப்பாடு, ஊர்க்கதைனு எழுதிட்டு இருக்கிறவன் திடீர்னு மருத்துவம் பேசறானேனு ஓடிடாதீங்க. இது உங்க அம்மா, பெரியம்மா, அத்தை சமாச்சாரம்.

நம்ம பக்கம் ஒரு விஷயம் இப்ப வீட்டுக்கு வீடு தெரியும். மாசமா இருக்கும்போது சுகர் வந்தா, பிரசவத்துக்கப்புறம் சரியாயிட்டாலும் பின்னாடி பார்த்து இருந்துக்கோணும்னு. தமிழக அரசு 2007லயே எல்லா கர்ப்பிணிகளுக்கும் சுகர் டெஸ்ட்டைக் கட்டாயமாக்குச்சு. டாக்டர் வி. சேஷய்யா மாதிரியானவங்க பல வருஷம் மெனக்கெட்டதோட பலன் அது. இன்னிக்கு நர்ஸ் அம்மாவுல இருந்து மாமியார் வரைக்கும் எல்லாரும் இதைச் சொல்றாங்க.

அதே கர்ப்பத்துல பிபி வந்தா? குழந்தை பொறந்துச்சு, வீக்கம் வடிஞ்சுது, கதை முடிஞ்சுது. இப்படித்தான் எல்லாரும் நினைச்சுட்டு இருக்கோம். கதை அங்க முடியறதில்லைங்கறதுதான் இந்தப் பதிவு.

ப்ரீஎக்ளாம்ப்சியானு பேரு. அஞ்சு மாசத்துக்கு மேல பிபி 140/90க்கு ஏறும். சிறுநீர்ல புரதம் போகும், இல்லைன்னா கிட்னி, ஈரல் மாதிரி வேற உறுப்புல பாதிப்பு தெரியும். கை, கால், முகம் வீங்கலாம், தலைவலி மண்டையைப் பொளக்கும், கண்ணு மங்கும். முத்திப்போனா வலிப்பு. நம்ம பாட்டிங்க பிரசவ ஜன்னினு சொன்னது பெரும்பாலும் இதைத்தான். உலகம் முழுக்க 100 கர்ப்பத்துல 2ல இருந்து 8 வரைக்கும் இது வருதுன்னு கணக்கு. ஆக உங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தியில உக்கார்ந்திருக்கிற பெண்கள்ல ஒருசிலராவது இதைத் தாண்டி வந்தவங்களா இருப்பாங்க.

எங்க பெரியம்மா ஒருத்தங்க, அன்னூர் பக்கம். 1988ல ரெண்டாவது பிரசவம். எட்டாம் மாசமே கால் வீங்கி, செருப்பு போட முடியாம, பார்லி கஞ்சி குடிச்சுப் பார்த்தும் வடியாம, கடைசியில கண்ணு மங்கலானதும் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. ரெண்டு கிலோ கூட இல்லாத குழந்தை. பொழைச்சுக்கிச்சு. இன்னிக்கு அவன் பெங்களூருல ஐடி கம்பெனியில இருக்கான்.

2013ல பெரியம்மாவுக்கு 52 வயசு. தூரம் நின்னு அஞ்சாறு வருஷம் இருக்கும். ஒரு நாள் பொழுதோட நெஞ்சு இறுக்கமா இருக்குன்னாங்க. வாயுப்பிடிப்புன்னு ஓமத்தண்ணி, அப்புறம் சோடா. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில கேஸ் ஊசி போட்டு அனுப்பிச்சுட்டாங்க. மறுநாள் வேற ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தா மாரடைப்பு. ஸ்டென்ட் வெச்சாங்க. அதுக்கப்புறம் நான் கேட்டேன், பிரசவத்தப்ப பிபி இருந்ததை டாக்டர்கிட்ட சொன்னீங்களானு.

"அது அப்பவே செரியாப் போச்சு கண்ணு. அதையெல்லாம் ஆரு கேட்டாங்க?"

அந்தப் பிரசவம்தான் மாரடைப்புக்குக் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல வரலை. ஒருத்தருக்கு ஏன் வந்துச்சுன்னு யாராலயும் அப்படிச் சொல்லிட முடியாது. நான் பிடிச்சுக்கிட்டது அவங்க சொன்ன ரெண்டாவது வாக்கியத்தை. ஆரு கேட்டாங்க?

இப்ப ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பாருங்க.

நார்வே நாட்டுல 1967ல இருந்து ஒவ்வொரு பிரசவத்தையும் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. அதை வெச்சு 2001ல ஒரு ஆய்வு வந்துச்சு. 6 லட்சத்துக்கும் மேல பிரசவங்கள். ப்ரீஎக்ளாம்ப்சியாவும் வந்து, குறைமாசத்துல குழந்தையும் பெத்த பெண்கள், பின்னாடி இதய, ரத்தக்குழாய் நோயால சாகிற வாய்ப்பு மத்தவங்களை விட சுமார் 8 மடங்கு இருந்துச்சு. இதுல சுவாரசியம் என்னன்னா, அந்தக் குழந்தைகளோட அப்பாக்களையும் சேர்த்துப் பார்த்திருக்காங்க. அப்பாக்களுக்கு இந்த வித்தியாசம் இல்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஆனா ஆபத்து அம்மாவுக்கு மட்டும்.

அடுத்து 2007ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்கு போட்டாங்க. ஏறக்குறைய 35 லட்சம் பெண்கள், அதுல சுமார் 2 லட்சம் பேருக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா வந்திருந்துச்சு. பின்னாடி நிரந்தர பிபி வர்ற வாய்ப்பு 3.7 மடங்கு. மாரடைப்பு வகையறா 2 மடங்குக்குச் சற்று மேல. பக்கவாதம் 1.8 மடங்கு. அமெரிக்க இதய சங்கம் 2011லயே ப்ரீஎக்ளாம்ப்சியாவை இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகள் பட்டியல்ல சேர்த்துடுச்சு.

ஏன் இப்படி? ரெண்டு விளக்கம் இருக்கு. ஒண்ணு, கர்ப்பம்ங்கறது உடம்புக்கு ஒரு ட்ரெட்மில் டெஸ்ட் மாதிரி. ஏற்கெனவே ரத்தக்குழாய்லயும் சர்க்கரை, கொழுப்பு சமாச்சாரத்துலயும் பலவீனம் இருக்கிறவங்களுக்கு அந்த நேரத்துல வெளியே தெரியுது. பொறவு அடங்கிடுது. ரெண்டாவது, அந்த நோயே ரத்தக்குழாய்ல ஒரு காயத்தை விட்டுட்டுப் போகுது. ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மையா இருக்கலாம்.

இந்த இடத்துல நம்மாளு ஒருத்தரைப் பத்திச் சொல்லியாகணும். சென்னைப் பல்கலைக்கழகத்துல மருத்துவம் படிச்சு அமெரிக்கா போன அனந்த் கருமஞ்சி. அடிப்படையில கிட்னி டாக்டர். 2003ல பாஸ்டன்ல அவரோட குழுதான், நஞ்சுக்கொடி அளவுக்கு மீறி விடற ஒரு புரதம் தாயோட ரத்தக்குழாய் உள்சுவரைக் கெடுக்குதுன்னு எடுத்துக் காட்டுச்சு. அந்த வழியில வந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்கு 2023ல அமெரிக்க அரசு அனுமதி குடுத்துச்சு. கர்ப்ப காலத்துக்கான அறிவு இந்தளவுக்கு முன்னேறியிருக்கு. அதே பெண்ணுக்கு அம்பது வயசாகும்போது என்ன பண்றோம்ங்கறதுதான் கேள்வி.

ஏன்னா அம்பதுதான் சிக்கலான வயசு. நம்ம நாட்டுல மாதவிலக்கு நிக்கிறது சராசரியா 46, 47 வயசுல. ஈஸ்ட்ரோஜன் குறையுது. கெட்ட கொழுப்பு ஏறுது, இடுப்புல இருக்கிற சதை வயித்துக்கு மாறுது, பிபி மேல நகருது. அதுவரைக்கும் இருந்த ஒரு பாதுகாப்பு போயிடுது. பழைய பலவீனம் இருக்கிறவங்களுக்கு ரெண்டும் சேர்ந்துக்கும். போதாக்குறைக்கு, 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 100க்கு 40 பேர் எடை கூடுதல்.

இப்ப நம்ம ஊர் நிலவரம். கோவையில மாஸ்டர் செக்கப் பண்ணாத ஆஸ்பத்திரி உண்டா? ஞாயித்துக்கிழமை ஆனா ஏதாவது மண்டபத்துல இலவச முகாம். நான் பார்த்த ஒரு முகாம் படிவத்துல அறுபது வயசு அம்மாக்கள்கிட்ட சிகரெட் குடிப்பீங்களா, தண்ணி அடிப்பீங்களானு ரெண்டு கட்டம் இருந்துச்சு :) நாலு புள்ள பெத்தவங்ககிட்ட பிரசவத்தைப் பத்தி ஒரு கட்டம் கிடையாது. கூடுதலா ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிடும்?

"இதைக் கேட்டு என்னாகப் போகுது, சும்மா பொம்பளைங்களைப் பயமுறுத்தறதுதானே"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. மடங்குக் கணக்கு பயமாத்தான் இருக்கும். ஆனா இளவயசுப் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பே ரொம்பக் குறைவு, அது ரெண்டு மடங்கானாலும் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்லை. பயப்பட வேண்டாம், வருஷம் ஒருக்காவாவது பிபி பார்த்துக்கோணும். இது மாத்த முடியற சமாச்சாரம்ங்கறதுக்கும் ஆதாரம் வர ஆரம்பிச்சிருக்கு. 2023ல ஆக்ஸ்ஃபோர்டுல 220 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு. பிரசவம் ஆனதும் வீட்டுலயே தினம் பிபி பார்த்து, அதுக்கேத்த மாதிரி மாத்திரையைக் கூட்டிக் குறைச்சவங்களுக்கு, ஒன்பது மாசம் கழிச்சு கீழ் அளவு கிட்டத்தட்ட 6 புள்ளி குறைவா இருந்துச்சு. மாத்திரையை நிறுத்தின பிறகும்! பெரிய மெஷின் எதுவும் இல்லை. மருந்துக்கடையில கிடைக்கிற பிபி கருவி, ஒரு போன்.

என் கோரிக்கை மூணுதான்.

1. குழந்தைக்கு 9 மாசத்துல தட்டம்மைத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படியும் வர்றாங்க. அப்ப அம்மா கையிலயும் பிபி பட்டையைச் சுத்துங்க. அந்தம்மா வந்தது குழந்தைக்காக மட்டும்னு அனுப்பிடாதீங்க.

2. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து வீட்டுக்கே வந்து பிபி, சுகர் மாத்திரை குடுக்கறாங்க. நல்ல திட்டம். அந்தத் தன்னார்வலர் அக்காக்கள் நாப்பத்தஞ்சு தாண்டின பெண்கள்கிட்ட "பிரசவத்தப்ப பிபி இருந்துச்சாங்க, வலிப்பு வந்துச்சாங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டு நோட்டுல எழுதட்டும்.

3. இப்ப ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மி பதிவு இருக்கு, ஆர்சிஹெச் எண் இருக்கு. பிறப்புச் சான்றிதழ் வாங்கினதோட அதை மறந்துடறோம். நார்வேக்காரன் 1967ல ஆரம்பிச்சதை நாம இப்பத்தான் கையில வெச்சிருக்கோம். இன்னிக்கு 25 வயசுல பிரசவம் பார்க்கிற பொண்ணுக்கு 50 வயசாகும்போது அந்தப் பதிவு அவளோட டாக்டர் கண்ணுல படோணும். அதுக்கு இப்பவே வழி பண்ணோணும்.

அரசாங்கம் செய்யறப்ப செய்யட்டும். தங்கம் வாங்கின ரசீதை முப்பது வருஷம் பீரோவுல வெச்சிருக்கிற ஊரு நம்மளுது. பிரசவ ஃபைலை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடறோம். தாய் சேய் நல அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அந்த ரசீதுக்குப் பக்கத்துலயே வைங்க.

பதிவர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போடும்போது, சாப்பிட்டீங்களானு கேட்டதுக்கப்புறம் இதையும் கேளுங்க. நான் பொறந்தப்ப உங்களுக்கு பிபி இருந்துச்சாம்மா? கால் வீங்குச்சா? ஆமான்னா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அதையும் சொல்லச் சொல்லுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. டாக்டர் பதிவர்கள் யாராவது படிச்சா, நான் எழுதினதுல திருத்தம் இருந்தா தயங்காம சொல்லுங்க.