பல்லி கத்துகிறது

கணினி நம்மிடையே வந்தபின் தமிழுக்குப் பெயர்ச்சொற்கள் குறைவின்றிக் கிடைத்துள்ளன. திரை, சுட்டி, விசைப்பலகை, கோப்பு, நினைவகம், கடவுச்சொல் என்று பாடசாலைப் பிள்ளைகள் தட்டின்றிச் சொல்கின்றனர். மகிழ்ச்சியே. ஆயின் அக்கணினி பழுதுற்றால், அதே பிள்ளைகள் திருத்துநரிடம் ‘ஸ்டக் ஆகுது’ என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல அறியாது நிற்கின்றனர். பெயரைக் கற்றோம், வினையைக் கைவிட்டோம்.

அலுவிகாரையில் என் அயலிலே, தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த மூதாட்டியார் ஒருவர் உளர். மறைந்த தம் கணவரின் படங்களையும் குரலையும் பேரன் கணினியிலேதான் வைத்திருந்தார். ஒருநாள் அது இடையிடையே நின்றது. பேரன் தொலைபேசியில், “ஸ்டக் ஆகுது அண்ணா” என்றான். “ஓஃப் பண்ணிப் போடுங்க” என்று விடை வந்தது. ஒரு வாரம் அணைத்தும் போட்டும் பார்த்தான். மூதாட்டியாரோ முதல் நாளே, “உள்ளுக்குள்ள பல்லி கத்துதுடா” என்றாராம். அதனைத் திருத்துநரிடம் சொல்லப் பேரனுக்கு வெட்கம்.

உண்மையில் அதுவே நோய்க்குறி. வன்தட்டினுள்ளே வாசிக்கும் முனை, சுழலும் தட்டின்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் இயங்குவது. அது தன் இடம் அறியாது மீண்டும் மீண்டும் திரும்புகையில் ‘டிக் டிக்’ என்னும் ஒலி எழும். கேட்டவுடனே அணைத்துவிட்டால் கோப்புகளை மீட்க வழியுண்டு. ஓடவிட ஓடவிடத் தட்டுச் சிதையும். தாத்தாவின் குரல் அவ்வாறே போயிற்று. (இக்காலத்துப் புதிய கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டு இல்லை, அவை ஓசையின்றியே சாகும்.)

இழப்பின் அருமை அறிந்த ஊர் இது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், வாய்மொழியாக வந்த திரிபிடகம் அழிந்துவிடுமோ என்றஞ்சிப் பிக்குகள் ஏட்டில் எழுதியது இவ்விகாரையிலேதான். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏடுகள் பல அழிந்தன.

நிற்க. உடல் நோவைச் சொல்லத் தமிழனுக்குச் சொற்பஞ்சம் உண்டோ? குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, மதமதப்பு என ஒவ்வொன்றும் வேறு. வைத்தியர் அதுகொண்டே நோயை நாடுவார். ‘உடம்பு வேலை செய்யுதில்லை’ என்று எவரும் அவரிடம் சொல்வதில்லை. கணினிக்கும் அவ்வாறே. விளக்கே எரியவில்லையாயின் மின்வழியில் குறை. விளக்கு எரிந்தும் திரை இருண்டிருப்பின் திரையிலோ நினைவகத்திலோ குறை. இழுத்து இழுத்து ஓடுவது வேறு, அசையாது நிற்பது வேறு, சூடேறித் தானே அணைவது வேறு. காற்றாடி கொரகொர என்னும். வன்தட்டு டிக்டிக் என்னும். இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தது செய்யுளுக்கு மட்டுமன்று.

‘தமிழ் வருகுதில்லை’ என்னும் முறைப்பாடும் இத்தகையதே. எழுத்துக்கள் கட்டம் கட்டமாகத் தோன்றினால், அவ்வெழுத்துரு அப்பொறியில் இல்லை என்பது பொருள். ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் கலந்த குழம்பலாகத் தோன்றினால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்டது. அவை ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை ஒட்டவைத்தவை. 1991இல் வெளிவந்த யூனிகோடே தமிழுக்குத் தனியிடம் தந்தது. இரண்டு நோய், இரண்டு மருந்து. நாம் சொல்வதோ ஒரே வாசகம்.

பிறமொழியார் இதில் நாணுவதில்லை. ஸ்பானிய மொழியார், கணினி நின்றுவிட்டால், ‘தொங்கிவிட்டது’ என்று பொருள்படும் தம் வீட்டு வினைச்சொல்லையே ஆள்கின்றனர். கணினிக்குப் பெயரிடுவதிலே ஸ்பெயின் நாட்டாரும் தென்னமெரிக்கரும் ஒத்துப்போகாதவர். அது அவர்கள் பேச்சைத் தடுக்கவில்லை. என் சிங்கள அயலவர் ‘ஹிர வெலா’ என்பார். இறுகிவிட்டது என்பது கருத்து. ‘இறுகிப்போயிற்று’ என்று நாம் சொன்னால் நாவு தேயுமா?

என் பண்டித நண்பர் சிலர், ‘செயலிழப்பு’ என்று ஒரு சொல் இருக்கப் பல்லியும் கொரகொரவும் எதற்கு என்பர். செயலிழப்பு அறிக்கைக்கு ஆகும். எது இழந்தது, எவ்வாறு இழந்தது என்று அது சொல்லாது.

எங்கள் கல்லூரியிலே, பழுதைத் தம் பாட்டிக்குச் சொல்வதுபோல் ஐந்து வரியில் எழுதிய பின்னரே மாணவர் திருத்துநரை அழைக்கவேண்டும் எனக் கேட்டிருக்கிறேன். தகவல் தொழினுட்ப ஆசிரியர் இசைந்துள்ளார். வரும் தவணையில் தொடங்குகிறோம்.